கதவை உடைச்ச கேஸ்

பாத்து மேடம், பாத்து. ரெண்டடி பள்ளம். புதுசா வர்றவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் தடுக்குவாங்க. சுவத்தைப் புடிச்சுக்காதீங்க, ஈரம் இன்னும் காயல, சுண்ணாம்பு கையோட வந்துடும். அந்த நாற்காலியில உக்காருங்க, மாடியில இருந்து இப்பதான் கொண்டாந்து போட்டேன். நாத்தம் வருதுல்ல? மன்னிச்சுக்கங்க. பினாயில் ஊத்தி ஊத்திப் பாத்துட்டேன், போக மாட்டேங்குது. உங்களை மாடியிலயே உக்கார வெச்சுப் பேசியிருக்கலாம். ஆனா வக்கீல் இடத்தைப் பாக்கணும் இல்லையா? பாத்தாத்தானே தெரியும், கூடப் பழகுனவன் என்ன பண்ணி வெச்சிருக்கான்னு.

ஒரு நிமிஷம், இந்த சுவிட்சைப் போட்டுக்கறேன். வெளிய வாசலுக்கு மேல சிவப்பு பல்பு எரியும். அது எரிஞ்சா யாரும் உள்ள வர மாட்டாங்க. கதவே இல்லாத ரூமுக்கு எதுக்கு பல்புன்னு பாக்கறீங்க. பழக்கம் மேடம். விட முடியல.

கேஸ் ரொம்ப சிம்பிள். தணிகாசலம்னு ஒருத்தன். நான் ஊர்ல இல்லாத நேரத்துல கடப்பாரை எடுத்துக்கிட்டு வந்து என் ஸ்டூடியோ கதவை உடைச்சுட்டான். வெளிய நின்ன வெள்ளம் மொத்தமும் உள்ள வந்துடுச்சு. மைக், மிக்ஸர், கம்ப்யூட்டர், இருபது வருஷத்து ரெக்கார்டிங் எல்லாம் போச்சு. அவன் உடைக்காம இருந்திருந்தா ஒரு சொட்டு வந்திருக்காது. அதான் கேஸ். அவனுக்கு நோட்டீஸ் அனுப்பணும். பணம் வேண்டாம் மேடம், அவன்கிட்ட என்ன இருக்கு? தப்பு பண்ணேன்னு அவன் வாயால சொல்லணும். அது போதும் எனக்கு.

எப்படிப் பழக்கமா? நீங்க குரோம்பேட்டைன்னு சொன்னீங்கல்ல? அப்ப அவன் குரலை நீங்களே கேட்டிருப்பீங்க. கடை திறப்பு விழா, கோயில் கும்பாபிஷேகம், இறுதி ஊர்வலம், ஆட்டோவுல குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டுப் போவாங்களே. "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறோம்"னு ஒரு கனமான குரல் வரும், சமையக்கட்டுல இருக்கறவங்ககூட அடுப்பைச் சின்னதாக்கிட்டு யார் போயிட்டாங்கன்னு வாசலுக்கு வருவாங்க. அது தணிகா. இந்தப் பக்கம் பூரா அவன் குரல்தான். குரல் அவனோடது, மத்ததெல்லாம் நான். எழுதறது நான், பதிவு பண்றது நான், பின்னாடி மேளமோ வீணையோ சேர்க்கறது நான். போர்டுல "குணா ஆடியோஸ்"னுதான் இருக்கும். அவன் பேரைப் போடல. எதுக்கு? அவனைத்தான் எல்லாருக்கும் தெரியுமே.

எட்டாங்கிளாஸ்ல இருந்து பழக்கம். அவனுக்கு ஒரு வியாதி உண்டு மேடம். செத்தவங்க தெரிஞ்சவங்களா இருந்தா குரல் உடைஞ்சிடும். நான் இந்த மூலையில ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன், அவன் அந்த மூலையில மைக் முன்னாடி. லேசாத் தொண்டை கரகரன்னாலே கையைத் தூக்கிடுவேன். நிறுத்து, மறுபடி சொல்லு. அவங்க அப்பாவுக்கே அவன்தான் பேசினான். திரும்பத் திரும்ப எடுத்தோம். கடைசியில ஒண்ணு சுத்தமா வந்துச்சு. அறிவிப்புல அழுகை வரக் கூடாது, கேக்கறவனுக்குத்தான் வரணும். அந்தத் தொழில் சுத்தத்தை அவனுக்குக் கத்துக்குடுத்ததே நான்தான். அந்த நன்றிகூட இல்ல பாருங்க.

இந்த ரூம் முன்ன கார் ஷெட்டு. கார் வாங்கல, அது வேற விஷயம். சில பேர் சுவத்துல முட்டை அட்டையை ஒட்டிட்டு ஸ்டூடியோன்னு சொல்லிக்குவாங்க. நான் அப்படிக் கிடையாது. ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சேன். சுவத்துக்கு உள்பக்கம் இன்னொரு சுவர், நடுவுல பஞ்சு. கூரை தாழ்வா இருந்துச்சு. கூரை தாழ்வா இருந்தா குரல் டப்பாவுக்குள்ள பேசற மாதிரி விழும். மேல வீடு இருக்கு, கூரையை ஒசத்த முடியாது. அதனால தரையைத் தோண்டி இறக்கினேன். தணிகா அப்பவே சொன்னான், "ஏரிக்குக் கீழ குடியிருந்துக்கிட்டுப் பள்ளம் தோண்டறியேடா"ன்னு. அப்பவே அவனுக்கு வயித்தெரிச்சல். எனக்குத்தான் புரியல.

அப்புறம் கதவு. ரெண்டு தேக்குப் பலகை, நடுவுல மணல். சுத்திவர ரப்பர், ஐஸ் கம்பெனியில குளிர் ரூம் கதவுக்குப் போடறாங்களே, அந்த ரப்பர். மூடினா எறும்பு நுழையாது. வெளிய வெடி வெச்சாலும் உள்ள கேக்காது. உள்ள கத்தினா வெளிய கேக்காது. அதனாலதான் பல்பு. பல்பு எரிஞ்சா உள்ள பதிவு நடக்குது, யாரும் தட்டக் கூடாது. தீப்புடிச்சாலும் தட்டக் கூடாது. வீட்டுக்காரிகிட்டயும் கண்டிப்பாச் சொல்லியிருந்தேன். வனஜான்னு பேரு. ஒரு தடவை அவ அப்பா தவறிட்டார்னு போன் வந்திருக்கு. பல்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தட்டவே இல்ல அவ. வெளியவே நின்னிருக்கா. நான் வேலையை முடிச்சு, பல்பை அணைச்சு, கதவைத் திறந்தப்புறம்தான் சொன்னா. அந்த மாதிரி ஒழுங்கு இருந்த வீடு இது. கரண்ட் போனாலும் பல்பு அணையக் கூடாதுன்னு அதை இன்வெர்ட்டர்ல குடுத்து வெச்சிருந்தேன்.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். மழை மூணு நாளா ஊத்துது. வனஜா அரக்கோணத்துல அவ அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. ஏரி நிரம்பிடுச்சு, மதகைத் திறக்கப் போறாங்கன்னு பேச்சு. தணிகா காலையில இருந்தே ஆட்டோவுல அறிவிப்புக்குப் போயிட்டான். நகராட்சியில கூப்பிட்டாங்களாம், "தாழ்வான பகுதியில் உள்ளவர்கள் மேல்தளத்துக்குச் செல்லவும்"னு தெருத்தெருவா. பதிவு பண்ணக்கூட நேரமில்ல, நேரா மைக்கைக் கையில புடிச்சுப் பேசிக்கிட்டே போனானாம்.

நான் எங்க இருந்தேன்னு கேக்கறீங்களா? வடபழனியில. ஒரு வேலையா. அதை நோட்டீஸ்ல போட வேண்டாம் மேடம். இல்ல, தப்பான விஷயம் ஒண்ணும் இல்ல. ஒரு மனை விக்கற கம்பெனி, ஏரியைப் பாத்த மாதிரி மனைகள், தண்ணிக் கஷ்டமே கிடையாதுன்னு ஒரு விளம்பரம். பெரிய வேலை. ஆனா அந்த முதலாளி ஒரே பிடியா நின்னாரு, "அந்தச் சாவு அறிவிப்புக் குரல் வேண்டாம், நம்ம மனையை யார் வாங்குவாங்க?"ன்னு. ரேடியோவுல பேசற ஒரு பொண்ணு குரல் வேணும்னாரு. அந்தப் பொண்ணு நம்ம ரூமுக்கு வராதாம், வடபழனி ஸ்டூடியோவுலதான் பேசுமாம். சரி, போகாம என்ன பண்றது? இதைப் போய் தணிகாகிட்ட சொன்னா அவன் மனசு கஷ்டப்படும். அவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லல. இதுல என்ன தப்பு? நான் போனதே அவனுக்காகத்தான்னு வெச்சுக்கங்களேன்.

அவன் வந்து பாத்தா உள்ள வேலையா இருக்கேன்னு நினைச்சுக்கட்டும்னு பல்பைப் போட்டுட்டுப் போனேன். கதவுல உள்பூட்டு, வெளிய சாவி போட்டாலும் உள்ள தாழ் போட்ட மாதிரிதான் தெரியும். வண்டியை வாசல்லயே விட்டுட்டேன், ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவுல போயிட்டேன். செருப்பு கதவுகிட்டயே கிடந்துச்சு. அது வேணும்னு விட்டது இல்ல, பெரிய இடத்துக்குப் போறோம்னு ஷூ போட்டுக்கிட்டேன். வனஜா போன் பண்ணப்பவும் அதையேதான் சொன்னேன், நாள் பூரா உள்ள இருப்பேன், கூப்பிடாதேன்னு. அவளுக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி. அண்ணே அண்ணேன்னு எல்லாத்தையும் ஒப்பிச்சிடுவா.

பொய்யா? இல்ல மேடம், அங்கதான் நீங்க கவனிக்கணும். பொய் இல்ல. உள்ள நிஜமாவே பதிவு நடந்துக்கிட்டு இருந்துச்சு. கையடக்கமா ஒரு ரெக்கார்டர் இருக்கு எங்கிட்ட, பேட்டரியில ஓடும். அதை அந்தக் கூரைக் கொக்கியில மாட்டி, ஆன் பண்ணிட்டுப் போனேன். ஆள் இல்லாத ரூமோட அமைதியைப் பதிவு பண்ணணும். எல்லா ஸ்டூடியோவுலயும் பண்றதுதான் அது. இவ்வளவு பெரிய மழையில உள்ள ஒரு துளி சத்தம் வருதான்னு பாக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? சிவப்பு பல்பு எரிஞ்சா பதிவு நடக்குதுன்னு அர்த்தம். ஆள் இருக்கான்னு அர்த்தம் இல்ல. தணிகா தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பா? சட்டப்படி சொல்லுங்க.

வடபழனியில உள்ள போனதும் போனை அணைச்சுட்டேன். ஸ்டூடியோவுக்குள்ள போனை அணைக்கறது எங்க தொழில் மரியாதை. மத்தியானம் ஏரியைத் திறந்துட்டாங்க. வனஜா டிவியில பாத்துட்டு எனக்கு அடிச்சிருக்கா, கிடைக்கல. உடனே யாருக்கு அடிச்சா? தணிகாவுக்கு. "அண்ணே, அவர் உள்ளதான் இருக்கார், வெளிய நடக்கறது எதுவும் அவருக்குத் தெரியாது, போய்ப் பாருங்கண்ணே"ன்னு அழுதிருக்கா. கட்டினவளே எதிரிக்கு வழி காட்டியிருக்கா.

அவன் ஆட்டோ தெருமுனையிலயே தண்ணியில நின்னுபோச்சு. அங்கிருந்தே ஸ்பீக்கர்ல கூப்பிட்டிருக்கான், "குணா, வெளிய வாடா, தண்ணி வருதுடா"ன்னு. தெரு பூரா கேட்டுச்சாம். அப்புறம் நடந்து வந்திருக்கான். எதிர்வீட்டு மாடியில ஒரு டீச்சர் இருக்காங்க, அவங்க ஜன்னல்ல இருந்து எல்லாத்தையும் பாத்திருக்காங்க, சாட்சிக்கு வருவாங்க. முட்டித் தண்ணியில வந்து கதவுக்கு முன்னாடி நின்னானாம். பல்பைப் பாத்தானாம். தட்டலையாம். கொஞ்ச நேரம் சும்மா நின்னானாம், பல்பு அணையட்டும்னு. அதுவரைக்கும் சரி. ஒழுங்கு தெரிஞ்சவன். தண்ணி தொடை வரைக்கும் ஏறினதும் தட்ட ஆரம்பிச்சுட்டான். என் செருப்பு அவன் முன்னாடியே மிதந்துச்சாம், அதைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு அதாலயே கதவுல அடிச்சானாம். அப்புறம் பக்கத்துல வீடு கட்டறாங்கல்ல, அங்க போய்க் கடப்பாரை கொண்டாந்துட்டான்.

என்ன மேடம், சுவத்துல இருக்கற அந்தக் கோட்டையே பாக்கறீங்க? அது தண்ணி நின்ன அடையாளம். வெளிச் சுவத்துலயும் இருக்கு, ஆமா. ஏசி குழாய் போற ஓட்டைக்கு மேலதான் இருக்கு. சாயங்காலம் அந்த ஒசரம் வந்துச்சாம். கதவை உடைக்காட்டியும் அந்த ஓட்டை வழியா வந்திருக்கும்னு சொல்றீங்களா? வந்திருக்கலாம். ஆனா அது தண்ணி பண்ற வேலை. தண்ணி மேல கேஸ் போட முடியுமா? இவன் பண்ணது வேற. இவன் மனுஷன். என் கூடவே சாப்பிட்டு, என் மைக்குல பேசி வளந்தவன். அதை நினைச்சாத்தான் நெஞ்சு ஆற மாட்டேங்குது.

இதைக் கேளுங்க. அவனுக்கு நீச்சல் தெரியாது. ஆளும் குள்ளம். வெளிய இடுப்பளவு தண்ணின்னா உள்ள பள்ளத்தையும் சேத்து அவன் கழுத்துக்கு வரும். இந்தப் பள்ளம் இருக்குன்னு அவனுக்கு நல்லாவே தெரியும். நீச்சல் தெரியாதவன் எதுக்கு இறங்கணும்? சொல்லுங்க. ஏதோ ஒரு எண்ணத்தோடதானே இறங்கியிருப்பான்?

அந்த எண்ணம் என்னன்னும் சொல்றேன். டீச்சர் பாத்தது இது. உள்ள போனவன் கொஞ்ச நேரம் கழிச்சு என் கம்பளத்தைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தான். தரையில விரிக்கற கம்பளம் ஒண்ணு உண்டு, சுருட்டி, என் போர்வையைச் சுத்தி மூலையில வெச்சிருப்பேன், மத்தியானம் தலைக்கு வெச்சுப் படுக்க. அதைக் கட்டிப்புடிச்சு, தோள்ல சாய்ச்சுக்கிட்டு, தத்தித் தத்தி மாடிப்படி வரைக்கும் போயிருக்கான். படியில வெச்சுட்டு அதையே பாத்தானாம். தலையில அடிச்சுக்கிட்டானாம். மறுபடியும் தண்ணியில இறங்கி உள்ள போயிட்டானாம். ஒரு திருடன்கூட முதல் நடையோட நிறுத்திப்பான் மேடம்! அதுவும் உள்ள அவ்வளவு விலை உயர்ந்த மைக் இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு ஒரு கிழிஞ்ச கம்பளத்தை. புத்தி பேதலிச்சவன் பண்ற வேலை. எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல அது.

ரெண்டாவது தடவை போனப்ப இரும்பு ரேக் அவன் கால் மேல சாஞ்சிடுச்சு. படகுல வந்தவங்க இழுத்துப் போட்டிருக்காங்க. கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிவு, குடிச்ச தண்ணி நெஞ்சுல இறங்கிச் சளி கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரியில இருக்கான். நான் போகல. எதுக்குப் போகணும்? கதவை உடைச்சவன் அவன், வந்து சொல்ல வேண்டியவனும் அவன்தான். ரயில் ஓட ஆரம்பிச்சு நான் வீடு வந்து சேர்ந்தப்ப இந்த வாசல் எப்படிக் கிடந்துச்சு தெரியுமா? என் கதவு கீல்ல இருந்து பிஞ்சு, கேட்டுக்குக் குறுக்க சேத்துல கிடக்குது. உக்காந்து அழுதேன் மேடம். வெக்கப்படாமச் சொல்றேன், அழுதேன்.

வனஜா அவன் பக்கம் சாஞ்சுட்டா. தினம் கஞ்சியும் ரசமும் தூக்குல எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறா. என்கிட்ட பேசறதில்ல. "வடபழனியா?"ன்னு மட்டும் ஒரு தடவை கேட்டா, என் ஷூவைப் பாத்து. அதோட சரி. தணிகா வாயைத் திறந்து இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கலையாம். குணா அன்னிக்கு எங்க இருந்தான்னு ஒரு வார்த்தை? இல்ல. நீங்களே சொல்லுங்க, மடியில கனம் இல்லாதவனா இருந்தா கேப்பானா மாட்டானா?

சரி, சாட்சியத்துக்கு வாங்க. இதுதான் அந்த ரெக்கார்டர். கொக்கியில தொங்கினதால தப்பிச்சுது. இந்த ரூம்ல தப்பிச்ச ஒரே பொருள். இதுல அவன் உடைக்கறது அப்படியே விழுந்திருக்கு. ஸ்பீக்கர்ல போடறேன், கேளுங்க.

இது ஆரம்பம். ஏதாவது கேக்குதா? ஒண்ணும் இல்ல. வெளிய பேய்மழை மேடம் அப்ப! இன்னும் கொஞ்சம் தள்ளறேன். இந்த இடத்துல அவன் தெருமுனையில இருந்து ஸ்பீக்கர்ல கூப்பிட்டிருக்கணும். டீச்சர் சொன்ன நேரம் சரியா இதுதான். கேளுங்க. கேக்குதா? தெரு பூரா கேட்ட குரல், இங்க ஒரு துளிகூட இல்ல. அதான் ரூம்! அப்படிக் கட்டியிருந்தேன். சென்னையில எவன் கட்டியிருக்கான் இப்படி?

இப்ப. லேசா டும் டும்னு வருதா? அது செருப்பு. இது கடப்பாரை. இன்னொண்ணு. ரப்பர் பிய்யுது பாருங்க. இதோ, இதோ. போச்சு. தண்ணி. நிறுத்திட்டேன்.

இவ்வளவுதான் மேடம். இது போதும்ல? இதுக்கு மேல என் சாமான் ஒவ்வொண்ணா விழற சத்தம்தான் இருக்கும். நான் இதுக்கு மேல கேட்டதே இல்ல. மனசு வரல. பெத்த புள்ளைங்க மாதிரி வெச்சிருந்தேன் ஒவ்வொண்ணையும்.

முழுசாக் கேக்கணுமா? எதுக்கு? கோர்ட்டுல முழுசாத்தான் போடச் சொல்வாங்களா? அது சரி. நீங்க சொன்னா சரிதான். இருங்க.

இது தண்ணி. ஸ்டாண்டு விழுது. அது பெரிய மைக், எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். இது... இது தணிகா. கூப்பிடறான். "குணா"ன்றான். இருட்டுல எங்கன்னு தெரியாம அடிச்சுக்கிட்டு வர்றான் பாருங்க, தண்ணி அலம்பறது கேக்குதா? "டேய் குணா, கை குடுடா." தண்ணியைக் குடிச்சுட்டான். இருமறான். அவனுக்கு நீச்சல் தெரியாது மேடம், சொன்னேன்ல.

என்ன சொல்றான்? கொஞ்சம் சத்தம் வைக்கறேன். "புடிச்சுட்டேன்." யாரை? "புடிச்சுட்டேன்டா, பயப்படாத. நான்தான். கண்ணைத் தொற. குணா, கண்ணைத் தொறடா."

போர்வை மேடம். அது என் போர்வை. கம்பளத்து மேல சுத்தியிருந்தேன்ல.

அவன் என்னைத் தூக்கறான்.

இல்ல, நிறுத்தல. ஓடட்டும். வெளிய போயிட்டான். மழை கேக்குது இப்ப. கதவு இல்லல்ல, எல்லாம் கேக்குது. மழை, நாய், யாரோ கத்தறாங்க. இந்த ரூமுக்குள்ள மழைச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. "இது அவன் இல்லையே"ங்கறான் வெளிய. படியில இருந்து சொல்றான், அவன் குரல் எங்கிருந்தாலும் எனக்குத் தெரியும். திரும்பி வர்றான். எதுக்குடா வர்றே? வராத. ரேக் இருக்குடா அங்க. வராதடா.

"தட்டுடா குணா. எங்கயாவது தட்டு. சுவத்துல தட்டு. லேசாத் தட்டினாப் போதும், எனக்குக் கேக்கும். தட்டுடா."

குரல் உடைஞ்சுபோச்சு மேடம். தணிகா குரல். எத்தனை சாவுக்குப் பேசியிருக்கான் இந்த ரூம்ல. கையைத் தூக்கித் தூக்கி நிறுத்தினேன் அவனை. இப்ப யார் நிறுத்தறது?

அது ரேக். விழுந்துடுச்சு. இதுக்கு மேல என்னால முடியல, நீங்களே நிறுத்திடுங்க. அந்தச் சின்ன பட்டன். ஆங்.

கால் முறிஞ்சும் என் பேரைத்தான் சொல்றான் பாத்தீங்களா. அய்யோன்னு சொல்லல. குணான்னு சொல்றான்.

நான் அந்த நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன் தெரியுமா மேடம்? அந்தப் பொண்ணு "தண்ணிக் கஷ்டமே கிடையாது"ன்னு பேசி முடிச்சா. நல்லா இருக்கும்மா, அந்தச் சாவுக் குரல் மாதிரி இழுக்காம எவ்வளவு தெளிவாப் பேசற பாருன்னு சொன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன். அந்தப் பொண்ணும் சிரிச்சுது.

என்ன மேடம், வாசலைப் பாக்கறீங்க? யாரு? வனஜா. எப்ப வந்தா? எவ்வளவு நேரமா நிக்கறா அங்க? தூக்குப் பாத்திரத்தோட, மழைத் தூறல்ல. உள்ள வர வேண்டியதுதானே, கதவுகூட இல்லையே, எதுக்கு... ஓ. பல்பு. பல்பு எரியுது. மேடம், அந்த சுவிட்ச் உங்க கைக்குப் பக்கத்துல இருக்கு. அதைக் கொஞ்சம் அணைச்சிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அணைச்சிடுங்க.

வனஜா. தணிகா எப்படி இருக்கான்? காய்ச்சல் விட்டுச்சா? பேசறானா? ஆஸ்பத்திரியில இருந்து வர்றியா, இல்ல இப்பதான் போறியா? சரி. இல்ல, உள்ள வராத. அங்கயே நில்லு. செருப்பைக் கழட்டாத, நானும் வர்றேன்.

நான் எங்க இருந்தேன்னு அவன் கேட்டா? கேக்கட்டும் வனஜா.